சேவல் நிலையில் ஒரு கண்டக்டர்

மார்ச் 4, செவ்வாய்
பஸ் படியில் விழுந்து முறிந்த வலது கணுக்கால் ஒட்டிவிட்டது. ஆனால் என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்தவள் நான். இப்போது குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

டிப்போ மேலாளர் மே மாதம் வரை தவணை கொடுத்திருக்கிறார். "அதுக்குள்ள நேரா நின்னு காட்டுங்கம்மா. இல்லன்னா டிக்கெட் கவுண்டர்ல உக்காந்துக்கலாம்." உட்காருவதாம்! கூண்டுக்குள்ளே!

மார்ச் 6
ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் தாய்ச்சி என்ற சீன உடற்பயிற்சியைக் கற்றுத் தந்தாள். முழங்காலைத் தளர்த்தி, உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெதுவாக மாற்ற வேண்டும். பிறகு சேவல் நிலை: ஒற்றைக் காலில் நிற்பது. வலது காலில் அதிகம் நிற்கச் சொன்னாள். கீழே பார்க்கக் கூடாதாம்.

கூட வந்திருந்த இவர் எல்லாவற்றையும் உற்றுப் பார்த்துக்கொண்டார். வீட்டில் தன் தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு என் எதிரே நின்றார். "என் மூஞ்சியப் பாத்துச் செய்." வேறு எதைப் பார்த்து இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேனாம்?

மார்ச் 19
நிற்கிறேன்! ஆடாமல், அசையாமல்!

ஏப்ரல் 2
மானம் கப்பலேறியது.

ஆஸ்பத்திரியில் சேவலாக நின்றேன், கூவாததுதான் குறை. "சூப்பர்க்கா. இப்ப வலது கால்ல நில்லுங்க" என்றாள் அந்தப் பெண். மாற்றியதும் அவள் தோளில் சாய்ந்து கிடந்தேன். வீட்டில் தினமும் எதிரே இவர் வலது காலில் நிற்க, கண்ணாடி பிம்பம் போல நான் இடது காலிலேயே நின்றிருக்கிறேன். நல்ல காலுக்கே பயிற்சி!

எனக்குத் தெரியவே தெரியாதா? பயம். அதுதான். தெரிஞ்சுக்க மனசில்ல.

ஏப்ரல் 3
இவருக்கும் தெரியுமாம்! "நீ சிரிச்சிக்கிட்டு நின்ன. அதக் கெடுக்க மனசு வரல. மறுபடியும் விழுந்துட்டா..."

"விழாமப் பாத்துக்கறேன்னு என்னக் கூண்டுல தள்ளப் பாத்தீங்களே" — கத்திவிட்டேன். இவர் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார். கோக்கவே முடியவில்லை.

ஏப்ரல் 4
அவரவர் காபியை அவரவரே போட்டுக்கொண்டோம்.

ஏப்ரல் 5
இவரே வந்து பக்கத்தில் நின்றார், எதிரே இல்லை. "வலது கால்" என்றார். தள்ளாடினேன். கை நீட்டிப் பிடிக்கவில்லை. சுவரில் இடித்துக்கொண்டேன். அப்போதும் பிடிக்கவில்லை. பாவம், வேர்த்துக் கொட்டியது அவருக்குத்தான். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஏப்ரல் 21
வலது காலில் நின்றேன். இவர் மெஷினில் குனிந்தபடியே தைத்துக்கொண்டிருந்தார். அப்போது தைத்த சட்டைக்கு மட்டும் கையை உள்பக்கம் வெளியே தெரியும்படி வைத்துத் தைத்திருந்தார்.

மே 9
டிப்போவில் நின்று காட்டினேன். மேலாளர், "போதும்மா, கால இறக்குங்க" என்றார். இறக்க மனமில்லை.

மே 12, திங்கள்
முதல் டிரிப். மூன்றாவது நிறுத்தத்தில் கூட்டத்தோடு இவரும் ஏறினார், கழுத்தில் அளவு டேப் தொங்க.

"எங்க போகணும்?"

"கடைசி ஸ்டாப்."

என்னமோ கடைசி ஸ்டாப்பில் இவருக்கு மாமியார் வீடு இருப்பது போல! டிக்கெட்டைக் கொடுத்தேன். சந்தையருகே டிரைவர் படாரென்று பிரேக் போட்டார். பஸ்ஸே ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தது. என் முழங்கால்கள் தாமாகத் தளர்ந்தன, பாரம் வலது காலுக்கு இறங்கியது, நின்றேன். பார்த்துக்கொண்டே இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இங்கயே எறங்கிக்கறேன்."

"கடைசி வரைக்கும் டிக்கெட் வாங்கிருக்கீங்க."

"தைக்க வேண்டியது நெறைய கெடக்கு" என்று இறங்கிவிட்டார். திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார். விசில் ஊதாமல் நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றதில் பஸ் கிளம்பத் தாமதமாகிவிட்டது.