ஒரு படி மேலே

கப்பலில் இருக்கும் என் எஞ்சினியருக்கு,

வீட்டில் எல்லாம் சுகம், சமையலறைக் குழாயைத் தவிர. நீங்கள் முறுக்கிவிட்டுப் போன இடத்திலேயே மறுபடி ஒழுகுகிறது. கீழே வாளி வைத்திருக்கிறேன். உங்கள் முதுகுவலி எப்படி? இஞ்சின் அறையில் குனியும்போது இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொள்கிறீர்களா?

நேற்று இசைக்குழுவில் எனக்குக் கடைசித் தேர்வு. தேறினால் நிரந்தர நாற்காலி. இல்லாவிட்டால் பழையபடி யாராவது லீவு போட்டால்தான் கூப்பிடுவார்கள். குழுவை நடத்துபவர் ஸ்டாண்டில் வைத்தது, சி கிளாரினெட்டுக்கு எழுதிய பழைய தாள். அந்தக் கருவி எங்களில் யாரிடமும் இல்லை. என்னுடைய பி-பிளாட் கிளாரினெட் அதைவிட ஒரு படி தாழ்ந்து ஒலிக்கும்; அதில் வாசிப்பதென்றால், கண் பார்க்கும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் விரல் அந்தக் கணமே ஒரு படி மேலே ஏற்றியாக வேண்டும்.

உங்கள் அட்டைதான் நினைவுக்கு வந்தது. வீட்டில் பயிற்சி செய்யும்போது நான் வாசிக்கத் தொடங்கிய இடத்தை உடனே காலண்டர் அட்டையால் மூடிவிடுவீர்களே, நான் திரும்பிப் பார்க்காதபடி. உங்களுக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது; என் கால் தட்டும் தாளத்தை நம்பி அட்டையைத் தள்ளுவீர்கள். எப்போதும் அவசரம். "இன்னும் அங்கயே நிக்கிறியா? ரயில் எப்பவோ போயிடுச்சும்மா" என்று கிண்டல் வேறு. இதனால் ஒரு பிரயோஜனமும் இராது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த அட்டைக்குப் பயந்தே என் கண் முன்னால் ஓடப் பழகியிருக்கிறது. நேற்று எங்கும் தடுக்கவில்லை.

ஒரு சறுக்கல் உண்டு. பாதியில் தாள் பி-பிளாட் கிளாரினெட்டுக்கு எழுதியதாக மாறியது. அங்கிருந்து எழுதியபடியே வாசித்தால் போதும். நானோ பழக்க தோஷத்தில் ஏற்றிக்கொண்டே போனேன். பக்கத்தில் வாசிப்பவள் என் செருப்பை மிதித்தாள். நடத்துபவர் கையை நிறுத்தாமலே, "மேடம், கீழ வாங்க, நாங்கல்லாம் இங்கதான் இருக்கோம்" என்றார். குழுவே சிரித்தது. ஊதிக்கொண்டே சிரிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

ஆனாலும் நாற்காலி எனக்குத்தான். "தப்பு வந்துச்சு. ஆனா நீங்க அங்கயே நிக்கல, போயிக்கிட்டே இருந்தீங்க. எனக்கு அது போதும்" என்றார்.

நன்றி சொல்வது எனக்கு அவ்வளவாக வராது என்பது உங்களுக்குத் தெரியும். சொல்கிறேன். நன்றி.

இன்று காலை தனியாக உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன். அட்டை ஸ்டாண்டில் வைத்த இடத்திலேயே இருக்கிறது. என் இரண்டு கையும் கிளாரினெட்டில். தள்ளிவிட ஆள் இல்லை.

ஒப்பந்தத்தை நீட்டிக்கலாமா என்று இந்த முறையும் கேட்பார்கள். முடியாதென்று சொல்லிவிட்டு வாருங்கள். குழாயும் ஒழுகுகிறது.

பத்திரமாக இருங்கள்.

உங்கள்,
நாற்காலிக்காரி