ஞாபகம் இல்லை என்று சொன்னவனுக்கு

இன்று காலைத் தபாலில் சபை மாத இதழ் வந்தது. அட்டை முழுக்க உன் படம். வெள்ளை அங்கி, கையில் வேதாகமம், கல்லூரி நாளிலிருந்தே மாறாத அந்தப் பாதிச் சிரிப்பு. கீழே கொட்டை எழுத்தில் ‘சமாதானத்தின் ஊழியர்’ என்று போட்டிருந்தார்கள். அச்சு மையின் வாடை இன்னும் போகவில்லை. காப்பித் தம்ளரை உன் முகத்தின் மேல் வைத்தேன். எடுத்தபோது நெற்றியில் வட்டமாக ஒரு கறை. துடைக்கவில்லை.

உள்ளே உன்னைப் பற்றி நாலு பக்கம். கடைசிப் பத்தியில் ஒரு வரி: ‘நினைவு ஆராதனையில் கல்லூரித் தோழர் ஒருவரும் தம் நினைவுகளைப் பகிர்ந்துகொண்டார்.’ அந்த ஒருவர் நான். என்ன பகிர்ந்துகொண்டேன் என்று ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் உனக்கே எழுத உட்கார்ந்தேன். செத்துப்போனவனுக்கு எழுதுவதை யாரும் வெட்டிச் சுருக்க மாட்டார்கள்.

இறையியல் கல்லூரியில் மூன்று வருஷம் நமக்கு ஒரே அறை. நீ கட்டிலின் மேல் ஏறி நின்று பிரசங்கம் பழகுவாய். கீழே உட்கார்ந்து கேட்கும் சபை நான் ஒருவன்தான். என் முறை வந்தால் பாதியிலேயே சிரிப்பாய். “ஒனக்குத் தொண்டை பத்தாதுலே. எங்கயாவது உப்புக்காட்டுல கொண்டு போடுவாங்க பாரு” என்பாய். சொன்னபடியே நடந்தது. உனக்குத் தூத்துக்குடி டவுன் சபை. எனக்கு வேம்பாருக்குத் தெற்கே, உப்பளத்தை ஒட்டிய ஓர் ஊர்.

எனக்கு அதில் குறை இல்லை. இதை நீ கடைசி வரை நம்பவில்லை. உப்பு வாரும் மாதங்களில் அந்தச் சனம் விடியுமுன்னே பாத்திக்குப் போய்விடும் என்பதால் ஞாயிறு ஆராதனையைச் சாயங்காலத்துக்கு மாற்றினேன். பாளம் பாளமாக வெடித்த குதிகாலோடு வந்து முன்வரிசையில் உட்காருவார்கள். பிரசங்கம் நீண்டால் தூங்குவார்கள். நான் சுருக்கமாகப் பேசப் பழகியது அங்கேதான். கல்யாணம், சாவு, பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியார் சண்டை, எல்லாவற்றுக்கும் ‘ஐயரக் கூப்பிடு’ என்பார்கள்; எங்கள் பக்கம் பாதிரியாருக்கு ஐயர் என்றுதான் பெயர். சைக்கிளை எடுத்துக்கொண்டு போவேன். ரூபிக்குத் தூத்துக்குடியில் சபைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை. காலையில் பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம் பஸ்ஸில் திரும்பிவிடுவாள். ஏழு வருஷம் நிம்மதியாக இருந்தோம்.

அப்புறம்தான் தங்கராஜும் பிலோமியும் வந்தார்கள். அவன் என் சபைப் பையன், உப்பளத்தில் மோட்டார் பார்க்கிறவன். அவள் பக்கத்துக் கடற்கரை ஊர்க் கத்தோலிக்கப் பெண். இரண்டு பேருக்கும் வயது நிரம்பியிருந்தது. இரண்டு வீட்டிலும் சம்மதமில்லை. அவளுடைய அண்ணன்மார் அவனை வெட்டுவோம் என்று சொல்லியிருந்தார்கள். என் கமிட்டியில் மூப்பராக இருந்தவர் அவனுடைய தாய்மாமன். தன் மகளுக்கு அவனை முடிக்க நினைத்திருந்தவர். “ஐயா, நீங்க கெட்டி வைக்கலன்னா நாங்க உசுரோட ஊருக்குள்ள நடக்க முடியாது” என்றாள் அந்தப் பெண். அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முறைப்படி மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று அறிவிக்க வேண்டும். அறிவித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நீ அப்போது எங்கள் வட்டாரத்துக்கே தலைவர். அடுத்த பஸ்ஸைப் பிடித்து உன் வீட்டுக்கு வந்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, மேசையில் விரலால் தட்டிக்கொண்டே நீ சொன்னாய்:

“ஓலை வாசிச்சேன்னா ரெண்டு ஊரும் கம்பத் தூக்கிக்கிட்டு வரும். கெட்டி வைலே. மேலிடத்துல நான் பாத்துக்கிடுதேன்.”

“எழுதித் தாயேன்” என்றேன்.

“எனக்கும் ஒனக்கும் எழுத்து எதுக்குலே?” என்றாய்.

அந்த வியாழக்கிழமையே கட்டி வைத்தேன். அன்று சாயங்காலமே அவர்களைத் துறைமுகத்துக்குப் போகும் லாரியில் ஏற்றி அனுப்பினேன். மறுநாள் இரண்டு ஊரும் கோயில் வாசலில் மோதிக்கொண்டன. கோயில் ஜன்னல் ஒன்றும் மிஞ்சவில்லை. மூப்பருடைய மண்டை உடைந்தது. மனு மேலே போனது.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்தீர்கள். நடுவில் இருந்த பெரியவர் என்னைக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். ‘இவரைக் கேட்டுத்தான் செய்தேன்’ என்று உன்னைக் காட்டினேன். அவர் உன் பக்கம் திரும்பி, “அப்படிச் சொன்னீர்களா?” என்றார். நீ கண்ணாடியைக் கழற்றினாய். வேட்டி நுனியில் துடைத்தாய். திரும்ப மாட்டிக்கொண்டாய்.

“எனக்கு அப்படி ஒரு ஞாபகம் இல்லை.”

‘இல்லை’ என்று நீ சொல்லியிருந்தால் பொய்யன் என்று கத்தியிருப்பேன். ஞாபகம் இல்லை என்றவனை என்ன செய்ய? அந்தச் சின்ன வித்தியாசத்தை யோசித்து வைத்துக்கொண்டு வந்திருந்தாய் பார், அதற்காகத்தான் உன்னை வெறுக்கத் தொடங்கினேன்.

மூன்று வருஷம் நான் பீடத்தில் ஏறக் கூடாது என்றார்கள். தேரிக்காட்டுக்குள் ஒரு சபைக்கு மாற்றினார்கள். பஸ்ஸை விட்டு இறங்கிச் செம்மணலில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். அங்கிருந்து ரூபியால் பள்ளிக்கூடத்துக்குப் போய்வர முடியாது. அவள் தூத்துக்குடியில் ஓர் அறை எடுத்துத் தங்கினாள். மூன்று வருஷத் தண்டனை முடிந்தும் என்னை அங்கிருந்து மாற்றவில்லை. பதினோரு வருஷம் நாங்கள் சனிக்கிழமைகளில் மட்டும் புருஷன் பெண்டாட்டியாக இருந்தோம். மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவாள். ஞாயிறு மத்தியானம் திரும்பிப் போவாள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இரண்டே வருஷத்தில் பிலோமியின் தகப்பனார் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டார். மூப்பரும் மருமகனோடு சேர்ந்துவிட்டார். தங்கராஜ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான்; பண்டிகைக்குப் பண்டிகை இரண்டு குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து கறி தின்றது. அடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் ராசியாகிவிட்டார்கள். சண்டையில் கையே வைக்காத எனக்கு மட்டும் மணல் மிஞ்சியது.

நான் சும்மா இருக்கவில்லை. உன் மகன் கல்யாணப் பத்திரிகையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். கூட்டங்களில் நீ கை நீட்டினால் என் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். ஊருக்கே சோறாக்கிப் போடும் எங்கள் சபை அசனப் பண்டிகைக்கு உன்னைச் சிறப்புப் பிரசங்கியாராகக் கூப்பிட்டிருந்தார்கள், நினைவிருக்கிறதா? நீ வாயைத் திறந்ததும் மைக் செத்துப்போனது. பின்பக்கம் போய் வயரைப் பிடுங்கியவன் நான்தான். நீ ஒரு நொடி மைக்கைப் பார்த்தாய். பிறகு அதை நகர்த்தி வைத்துவிட்டு, வெறுந்தொண்டையில் முக்கால் மணி நேரம் பேசினாய். சோறு வடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அகப்பையோடு வந்து நின்று கேட்டார்கள். வயரைக் கையில் பிடித்தபடி நானும் கேட்டேன். நல்ல பிரசங்கம். அதற்காகவும் உன்னை வெறுத்தேன்.

ஒரு சனிக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது ரூபி கேட்டாள்: “அவரப் பத்திப் பேசாம ஒரு நேரம் சாப்பிடுவமா?”

நான் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அவள் இரண்டு தட்டையும் மூடி வைத்தாள். இப்போது அவளும் இல்லை. நாலு வருஷமாகிறது. அந்தப் பதினோரு வருஷத்தில் எங்களுக்குக் கிடைத்ததே சனிக்கிழமைகள்தான். அவற்றில் பாதியை உன்னைத் திட்டியே தீர்த்திருக்கிறேன். அந்தப் பழியையும் உன் மேல்தான் போடுகிறேன்.

போன மாசிக்கு உன் மகன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். நீ ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய் என்றான். “அப்பா ஒங்க கையாலதான் திருவிருந்து வாங்கணும்னு சொல்லுதாங்க, மாமா.” நான் அங்கியைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தேன். என் மனசு இளகிவிட்டது என்று அவன் நினைத்தான். இல்லை. இந்த நாளுக்காக முப்பத்து நாலு வருஷம் காத்திருந்தேன்.

உன் கட்டிலைச் சுற்றி உன் மகன், மருமகள், சபைக்காரர் இரண்டு பேர். அப்பத்தையும் ரசத்தையும் எடுத்து மேசையில் வைத்தேன். பிறகு கேட்டேன்.

“அன்னைக்குக் கெட்டி வைன்னு சொன்னியா, இல்லையா? இவங்க முன்னால ஒரு வார்த்த சொல்லு.”

உன் குரல் நூலாகிவிட்டிருந்தது. “பழசெல்லாம் எதுக்குலே இப்ப?”

“ஒரு வார்த்தைதான்.”

நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். நான் எல்லாவற்றையும் திரும்பப் பெட்டியில் வைத்து மூடினேன். உன் மகன் படிக்கட்டு வரை ஓடி வந்தான். நான் நிற்கவில்லை. மறுநாள் வேறொரு ஐயர் வந்து கொடுத்தாராம். அதற்கு மறுநாள் நீ போய்விட்டாய். சாகப் போகிறவனுக்குத் திருவிருந்து கொடுக்காமல் வந்த ஐயர் என்று என்னைப் பற்றி ஊரில் பேசினார்கள். பேசட்டும்.

அவ்வளவுக்குப் பிறகும் உன் நினைவு ஆராதனையில் பேச எனக்கு அழைப்பு வந்தது. உன் வீட்டம்மாதான் என் பெயரைச் சேர்க்கச் சொன்னார்களாம். போனேன். கோயில் நிறைந்திருந்தது. மைக்கைப் பிடித்து, இங்கே எழுதியதையெல்லாம் நாலு நிமிஷத்தில் சொன்னேன். ‘இவருக்கு ஞாபகம் இல்லாததை உங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறேன்’ என்று முடித்தேன். உன் மகன் தலையைத் தொங்கப் போட்டான். யாரோ அவசரமாகப் பாட்டெடுத்தார்கள். நான் கீழே இறங்கியபோது என் கால்கள் வாலிபன் கால்களைப் போல இருந்தன. அந்த இனிப்பு வாசல்படி வரைக்கும்தான் நீடித்தது.

வாசலில் உன் வீட்டம்மா நின்றார்கள். திட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

“அண்ணாச்சி, நீங்க சொன்னதுல ஒரு எழுத்து தப்பில்ல. அன்னைக்கு நான் அடுத்த ரூம்ல துணி மடிச்சிக்கிட்டு இருந்தேன். அவுக சொன்னது என் காதுல விழுந்துச்சு.”

“தெரிஞ்சும் சும்மா இருந்தியாம்மா?”

“எங்கிட்ட யாரு கேட்டா? விசாரணைக்காரங்களும் கேக்கல, நீங்களும் கேக்கல. கேக்காம சொல்லுததுக்கு எனக்குத் தைரியம் இல்ல. ரூபியக்கா ஒருத்திதான் வந்து கேட்டாக. சொன்னேன்.”

“ரூபியா?”

“ஆமா. ‘வந்து சாட்சி சொல்லுதேன் அக்கா’ன்னேன். ரொம்ப நேரம் என் மடியில கெடந்த பிள்ளையப் பாத்துக்கிட்டு இருந்தாக. ‘வேண்டாம்ளா, ஒன் குடும்பம் போயிரும். இது என்னோட இருக்கட்டும்’னு சொல்லிட்டுப் போயிட்டாக.”

நான் அங்கேயே கோயில் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பதினோரு வருஷம் மணலில் நடந்தவள், நான் உன்னைத் திட்டிய ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைத் தெரிந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பெயர் துலங்கியிருக்கும். சொல்லவில்லை. உன் வீடு உடையாமல் இருக்க எங்கள் வீடு இரண்டாகக் கிடந்தது. நீ அந்த வீட்டில்தான் பேரன் பேத்தி எடுத்தாய்.

அவள் மன்னித்தாள். அது அவள் குணம். அவள் மன்னித்ததற்காக நானும் மன்னிக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை. அவளுடைய சனிக்கிழமைகளுக்கும் சேர்த்து இப்போது உன்னை வெறுக்கிறேன். நாற்பது வருஷ ஊழியத்தில் எத்தனையோ பேரைக் கைபிடித்துச் சமாதானமாக்கியிருக்கிறேன். எனக்கு அது வாய்க்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

இப்போது துறைமுகச் சாலைப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். ஆராதனையில் பரமண்டல ஜெபம் வரும்போது எல்லாரோடும் எழுந்து நிற்கிறேன். பீடத்தில் நின்று ஊர் ஊராக மற்றவர்களைச் சொல்ல வைத்த ஜெபம். ‘பிறருக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்களுக்கும் மன்னியும்’ என்கிற அந்த வரி வந்ததும் வாயை மூடிக்கொள்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து, அடுத்த வரியில் சேர்ந்துகொள்கிறேன். போன ஞாயிறும் அப்படித்தான்.