ஓரத்தில் பென்சிலால் எழுதிய பெயர்கள்

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஆண்டவர் கிருபையில் சுகமாயிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே நோய்நொடியில்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, ஆனால் மாத்திரையை நான் கையில் வைத்தால்தான் விழுங்குவார். பேக்கரியில் எனக்குக் காலை ஷிஃப்ட் கிடைத்துவிட்டது, பிரட் பாக்கெட்டெல்லாம் கட்டி அடுக்கிவிட்டு மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் பாதியில் அழுதுவிடுவேன், இல்லையென்றால் வழக்கம்போல உனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

சைக்கிள் கடை மாடியில் வியாழக்கிழமை வேதபாடம் நடக்கிறதே, அதை இப்போது லேத் பட்டறைக்காரர் நடத்துகிறார். முன்னைப்போல ஒருவர் பேச மற்றவர்கள் தலையாட்டும் கதை இல்லை. ஒரு பகுதியை வாசித்து, கொஞ்ச நேரம் வாயை மூடி யோசித்து, பிறகு ஆளுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஒரே நிபந்தனை, பேச்சு 'நான்' என்றுதான் தொடங்கவேண்டும், இந்த வாரம் நான் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லவேண்டும், அடுத்த வாரம் செய்தீர்களா என்று கேட்டுவிடுவார் மனுஷன். இருபத்தைந்து வருஷமாய் வேதம் வாசிக்கிற எனக்கே பாடமா என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. போன மாதம் நாவை அடக்குவதைப் பற்றிய பகுதி. பாடகர் குழுவில் உயரமாய் ஒருத்தி, நாம் ரகசியமாக ஒட்டகச்சிவிங்கி என்போமே, அவள் தன் பைபிளை மறந்துவிட்டு வந்து என்னுடையதில் எட்டிப் பார்த்தாள். நான்தான் யாருக்கு எந்த வசனம் பொருந்தும் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பேனே! நாவைப் பற்றிய வசனத்துக்குப் பக்கத்தில் 'ஒட்டகச்சிவிங்கிக்கு' என்று இருந்தது. அக்கா, இது நானா என்று கேட்டாள், எனக்கு உயிரே போய்விட்டது. அவளோ சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டினாள், அங்கே 'அப்பாவுக்கு'. அறையே சிரித்தது. மன்னிப்புக் கேட்டதற்கு, விடுங்கக்கா, என் பைபிள்ல உங்க பேரு இல்லைன்னு யாரு சொன்னா என்கிறாள்! லேத்காரர் மட்டும் சிரிக்காமல், உங்களுக்குன்னு எதாவது குறிச்சிருக்கீங்களாக்கா என்று கேட்டார். ஏன் இல்லாமல் என்றேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்து தேடினேன், டீ ஆறிப்போனதுதான் மிச்சம். எனக்கென்று ஒன்றுகூட இல்லையடி. உனக்குத்தான் அதிகம், கோபத்துக்கு, அலங்காரத்துக்கு, பெற்றோரைக் கனம்பண்ணுவதற்கு என்று பக்கத்துக்குப் பக்கம். எல்லாம் தினமும் காலையில் உன் போனுக்கு நான் அனுப்பினவை. போன வருஷம் நீ, பைபிளைத் திறந்தாலே நீ திட்டற மாதிரி இருக்கும்மா, மூடி வெச்சிட்டேன் என்றாய். உன் மனசு கல்லாகிவிட்டது என்று நான் கத்தினேன். இல்லை கண்ணு, அதை மூடினது நான்தான். ரப்பரால் அழிக்க இரண்டு சாயங்காலம் ஆனது, ஒரு இடத்தில் தாள் கிழிந்தேவிட்டது. அடுத்த வியாழன் என் முறை வந்தபோது 'என் மகள்' என்று ஆரம்பித்தேன், லேத்காரர் விரலைத் தூக்கினார். பிறகு, நான் என் மகளிடம் மன்னிப்புக் கேட்டு எழுதுவேன் என்றேன். என்னை மன்னித்துவிடு. சீஷர் என்றால் ஆண்டவர் காலடியில் உட்காருகிறவர், நான் இத்தனை நாளும் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்திருக்கிறேன். இப்போது ஒரு நாளைக்குப் பத்து வசனம் மெதுவாக வாசிக்கிறேன், மனசு லேசாக இருக்கிறது. வீட்டில் இரைச்சல் குறைந்துவிட்டதாம், அப்பா கிண்டல்.

இனி காலையில் வசனம் வராது, அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிடாதே. பைபிளைத் திறந்தாயா என்றும் கேட்கமாட்டேன். நீயாகத் திறக்கிற அன்றைக்கு உன் காதில் என் குரல் விழக்கூடாது, அவர் குரல்தான் விழவேண்டும், அதுதான் உனக்காக என் ஜெபம். உங்கள் இருவரையும் ஆண்டவர் கண்மணிபோலக் காப்பாராக. பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே, இது வசனம் இல்லை, அம்மா சொல்கிறேன்.

உன் பதிலுக்கு அவசரப்படாத,
அம்மா