ஜெஞ்சாரோம் கிடங்கில் வந்த சாமி

இன்று மத்தியானம் பங்சாரில் ரோட்டைக் கடக்க நின்றிருந்தேன். சிவப்பு விளக்கில் ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடியெல்லாம் ஏற்றித்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே அடித்த அடியில் அதன் நம்பர் தகடு கடகடவென்று ஆடியது. பாட்டு கேட்கவில்லை, அடி மட்டும்தான். மூச்சு விட இடம் கொடுக்காத அதே அடி. பக்கத்திலிருந்த விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். "ஆன்டி, ஓகேயா?" என்று யாரோ ஒரு பெண் கேட்டாள். ஓகே ஓகே என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே ஆபீசுக்குத் திரும்பினேன்.

உன் காரியம் முடிந்து கிள்ளானிலிருந்து வந்த நாள் முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. செத்துப்போனவளுக்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்தால், "சிலோனுக்கு மண்டை கழண்டுருச்சு" என்பாய். சொல்லிக்கொள். உன்னிடம் சொல்லாமல் இதை நான் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

சிலோன். முதல் நாளே வைத்துவிட்டாய் அந்தப் பெயரை. பங்சார் இன்சூரன்ஸ் ஆபீசில் உன் மேசையும் என் மேசையும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. நீ கிள்ளானிலிருந்து ரயிலில் வருவாய், நான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்து வருவேன். என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிளார்க்காக வந்தவர், உன் அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டினார். உன்னைப் பற்றி வீட்டில் சொன்னபோது என் அம்மா முகத்தைச் சுளித்தாள். "உந்தச் சாமியாடுற ஆக்களோடை உனக்கென்ன சிநேகிதம்?" என்றாள். அதை நான் உன்னிடம் அப்படியே சொல்லிக்காட்ட, நீ ஒரு வாரம் "என்ன சிநேகிதம், என்ன சிநேகிதம்" என்று இழுத்து இழுத்துப் பேசி ஆபீசையே சிரிக்க வைத்தாய்.

அம்மா சொன்னது பொய்யில்லை. பள்ளிக்கூடம் படிக்கும்போதே உனக்குச் சாமி வந்துவிட்டது. உங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த அந்தச் சின்ன அம்மன் கோயிலில், ஆடித் திருவிழா அன்று, உருமி மேளம் உச்சத்துக்குப் போனபோது. அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உன் வீட்டு வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்தன. குழந்தை இல்லாதவர்கள், வேலை போனவர்கள், புருஷன் வீட்டுக்கு வராதவர்கள். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து ரயிலைப் பிடிக்க ஓடும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். "இன்னொரு டியூட்டி இருக்குடி" என்பாய்.

அப்போதுதான் பினாங்கில் புதுக் கிளை திறந்தார்கள். உன்னை சூப்பர்வைசராகப் போகச் சொன்னார்கள். உன் அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "சாமி வர்ற பிள்ளைய ஊர் விட்டு ஊர் அனுப்ப முடியாது. அம்மனுக்கு யாரு பதில் சொல்றது?" அம்மாவைக்கூட நீ சமாளித்திருப்பாய். உன்னை அரித்தது வேறு. ஆபீசில் டீ கலக்கும் பேன்ட்ரியில் நின்றுகொண்டு சொன்னாயே, அன்றுதான் நீ சிரிக்காமல் பேசி நான் பார்த்தேன்.

"வர்றது அம்மனான்னு எனக்கே தெரியலடி. மேளம் ஏறுது, கண்ணு இருட்டுது, அப்புறம் முழிச்சா எல்லாரும் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாங்க. அம்மன்தான்னா நான் விட்டுட்டுப் போகக்கூடாது. வெறும் மேளம்தான்னா போயிருவேன். எனக்குத் தெரியணும்."

தெரிந்துகொள்ள நீ கண்டுபிடித்த வழி இருக்கிறதே! நம் ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த சீனப் பையன் கெல்வின் ஒரு நாள் நம்மை மழையில் காரில் ஏற்றிக்கொண்டு போனான். அவன் போட்ட கேசட்டைக் கேட்டு நான் காதைப் பொத்திக்கொண்டேன். நீயோ முன்சீட்டில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாய். "இது என்னடா, உருமிய விட வேகமா இருக்கு?" என்று கேட்டாய். ஹார்ட்கோர், டிஸ்கோ அடியிலேயே வேகமான வகை என்றான். ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு பழைய கிடங்கில் ரேவ் என்று கும்பலாக ஆடும் பார்ட்டி நடக்கப்போகிறது, விடிய விடிய இதுதான் அடிப்பார்கள் என்றான். உனக்குக் கிடைத்துவிட்டது. கோயில் இல்லை, அம்மன் இல்லை, திருநீறு இல்லை, வேப்பிலை இல்லை. மேளம் மட்டும். அங்கேயும் சாமி வந்தால் அது சாமியே இல்லை, மேளம்தான் என்பது உன் கணக்கு. எனக்கு இதெல்லாம் சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது, ஆனாலும் உன்னைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை.

என் வீட்டில் கிள்ளானில் கல்யாணம் என்றேன். உன் வீட்டில் நீ பிரிக்பீல்ட்ஸில் கல்யாணம் என்றாய். அதனால் இரண்டு பேரும் பட்டுப் புடவை கட்டிக்கொண்டல்லவா ரேவுக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று! கிள்ளான் ஸ்டேஷன் கழிவறையில் ஜீன்சுக்கு மாறினோம். நீ பொட்டை அழித்தாய். திருநீற்றுப் பொட்டலத்தைக் கைப்பையிலிருந்து எடுத்துப் புடவையோடு சுருட்டி வைத்தாய். "சுத்தமா டெஸ்ட் பண்ணணும்" என்றாய். தலையில் இருந்த மல்லிகையை மட்டும் எடுக்க மறந்துவிட்டாய்.

அந்த இடத்தை எப்படி மறப்பேன்? கெல்வினின் கார் செம்மண் பாதையில் திரும்பும்போதே இருக்கைக்கு அடியில் அதிர்ந்தது. உள்ளே கால் வைத்ததும் சத்தம் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. தகரக் கூரையிலிருந்து எல்லோருடைய வியர்வையும் திரும்பச் சொட்டியது. விளக்கு வெட்டி வெட்டி அடித்ததில் ஆட்கள் துண்டு துண்டாகத் தெரிந்தார்கள். மாத்திரை விற்க ஒருவன் வந்தான். நீ முறைத்த முறைப்பில் ஓடியே போனான். அன்றிரவு முழுக்க நாம் குடித்தது தண்ணீர் மட்டும்தான், இதை யார் கேட்டாலும் அடித்துச் சொல்வேன்.

நீ ஆடினாய். கோயிலில் ஆடுகிற மாதிரியே, குதிகாலை அடித்து அடித்து. நான் சுவரோரம் நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கண் சொருகுகிறதா, கை முறுக்குகிறதா, இதோ வரப்போகிறது, இதோ வந்துவிட்டது என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. டீஜே மாறினார், அடி இன்னும் வேகமானது. நீ நனைந்து தொப்பலாகி என்னிடம் வந்து காதில் கத்தினாய்.

"வரலடி! ஒண்ணுமே வரல. கால்தான் வலிக்குது!"

அப்படியானால் வருவது அம்மன்தான். மேளமில்லை. நீ போக முடியாது. இதையும் நீயேதான் என் காதில் கத்தினாய். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அம்மன் மேல் கோபம், உன் அம்மா மேல் கோபம், வெள்ளிக்கிழமை வாசலில் கிடக்கும் அத்தனை செருப்பு மேலும் கோபம். "வா, நானும் ஆடுறேன்" என்று உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடுவில் போனேன். வாழ்க்கையில் ஒரு கல்யாண வீட்டில்கூட ஆடாதவள். அடி பாதத்தில் ஏறியது, முதுகில் ஏறியது. உன் மல்லிகை மணம் வந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கண் விழித்தபோது புல்லில் கிடந்தேன். முகமெல்லாம் தண்ணீர், தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, தொண்டை கிழிந்த மாதிரி எரிந்தது. உன் கட்டைவிரல் என் நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தது. கெல்வின் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு கைகூப்பி நின்றான். அதைப் பார்த்து எனக்குப் பயமே வந்துவிட்டது.

நடந்ததை நீங்கள் இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னீர்கள். நான் மாத்திரை ஏதோ விழுங்கிவிட்டேன் என்று முதலில் கெல்வின் பதறியிருக்கிறான். "ஒண்ணும் சாப்பிடல, சாமி வந்திருக்கு" என்று நீ சொன்னதும் அப்படியே அடங்கிவிட்டானாம். அவன் மாமாவும் சீனக் கோயிலில் சாமி வந்து ஆடுகிறவர்தானாம். உடனே ஷூவைக் கழற்றியிருக்கிறான். "நம்பர் கேளு லா! அம்மாகிட்ட நாலு நம்பர் கேளு!" என்று லாட்டரிக்கு நம்பர் வேறு கேட்கச் சொன்னானாம். எல்லாவற்றுக்கும் நடுவில் நான் ஏதோ சொல்லியிருக்கிறேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நீ மட்டும்தான் என் வாயில் காதை வைத்துக் கேட்டாய்.

"என்னடி சொன்னேன்?"

நீ என்னை எழுப்பிக் காரில் ஏற்றினாய். விடிந்து, கிள்ளானில் ஒரு ரொட்டிக் கடையில் உட்கார்ந்து, டீ வந்து, அதில் ஆடை படிந்த பிறகுதான் வாயைத் திறந்தாய்.

"'போ'ன்னு சொன்னே. 'நான் உன்னைக் கட்டி வைக்கல, போ'ன்னு சொன்னே."

என் முகத்தைப் பார்க்காமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாய். நான் நம்பினேனா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீ போய்ச் சொன்னதை உன் அம்மா நம்பினார். என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, நிற்க வைத்து, நெற்றியில் குங்குமம் வைத்தார். "சிலோன்காரப் பொண்ணு, அவங்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. அது வாயில வந்து சொல்லுச்சுன்னா அது ஆத்தாதான்" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார். அடுத்த மாதம் நீ பினாங்கு போய்விட்டாய். அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைகள், கிளைக்கே மேனேஜர். உனக்கு அதற்குப் பிறகு சாமி வரவே இல்லை. எனக்கும்தான். ஆனால் எங்கேயாவது உருமிச் சத்தம் கேட்டால் நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடுவேன். என் அம்மா சாகிறவரை அவளுக்கு எதுவும் தெரியாது.

பினாங்கு ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோதும் கேட்டேன். வெட்கங்கெட்டவள், சாகக் கிடக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் கேட்டேன். "நெஜமாவே நான் அப்படிச் சொன்னேனா?"

நீ சிரித்தாய். இருமல் வந்து, அடங்கி, பிறகு சொன்னாய். "சொல்லலன்னா என்ன பண்ணப்போற சிலோன்? என்னைத் திரும்பக் கிள்ளானுக்கு அனுப்பிருவியா?" அதற்குள் நர்ஸ் வந்து என்னை வெளியே இருக்கச் சொன்னாள்.

இனி நீ போன பிறகு நடந்ததைக் கேள். காரியம் கிள்ளான் வீட்டில்தான். சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். உன் அம்மா சமையலறைப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. கிளம்பலாம் என்று கிட்டே போனேன். என் குரல் கேட்டதும் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியை என்னால் விடுவிக்க முடியவில்லை.

"பாப்பா, அன்னைக்கு உன் வாயில வந்துதானே ஆத்தா எம் பொண்ணைப் போகச் சொன்னா. இப்ப அவ எங்க இருக்கா? கேட்டுச் சொல்லும்மா."

எனக்கு ஒன்றும் தெரியாது ஆன்டி, அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது என்று கத்த வேண்டும் போலிருந்தது. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? துணிந்து ஒரு பொய் சொன்னேன்.

"நல்லா இருக்கா ஆன்டி. வலியெல்லாம் போயிருச்சு."

அவர் கையை விடவில்லை, அழ ஆரம்பித்துவிட்டார். "வேற ஒண்ணும் சொல்லலியா? கடைசியில நான் பினாங்குக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பேச்சு நின்னு போச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்காமலே போயிட்டா."

மேலே காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ சட்டி கழுவினார்கள். மேளம் இல்லை, அடி இல்லை. சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக்கூடாது என்பது எனக்கும் தெரியும். சின்ன வயதிலிருந்து அம்மா கிள்ளிக் கிள்ளிச் சொல்லிக்கொடுத்தது. நான் சொல்ல நினைத்தது, அழாதீங்க ஆன்டி என்று. வாயில் வந்தது வேறு.

"நான் போயிட்டு வரேம்மா."

உன் அம்மாவின் பிடி தளர்ந்தது. என் கன்னத்தைத் தடவினார். "போயிட்டு வா கண்ணு, பாத்துப் போ" என்றார். அதற்குப் பிறகு அவர் அழவில்லை.

இந்தத் தடவை எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. காற்றாடி, சட்டி, அவர் கைச் சூடு, ஒவ்வொரு சொல்லும். ஆனால் அவரை நான் ஒரு நாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லையேடி.