மேனேஜரின் உப்பிய கன்னம்

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் வீட்டுக்காரரும் சுகம். உங்கள் நாய் மேனேஜரும் இப்போது சுகம். ‘இப்போது’ என்ற சொல்லைப் பார்த்துப் பதறாதீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு என் காலடியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே உங்கள் மகளும் நம் பேத்தியும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். பேத்தி கொட்டாவி விடுகிற படத்தைக் கடைக்கு வந்த எல்லோருக்கும் காட்டினேன். அதைப் பார்த்துச் சிரித்த ஒருவர் சலவைக்குப் போட்ட துணியைத் திரும்ப வாங்காமலே போய்விட்டார்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் ஆரம்பித்தால் நீங்கள் பாதியில் அழுதுவிடுவீர்கள், அதைக் கேட்டு நான் பாதியில் பொய் சொல்லிவிடுவேன். என் மகன், “நாய்தான் பொழைச்சிடுச்சே, அத்தைகிட்ட எதுக்கும்மா சொல்றே, பேசாம இரேன்” என்றான். அவன் சொல்வதிலும் காரணம் இருக்கிறது. மருமகள் வேலைக்குத் திரும்பும்போது குழந்தையை என்னிடம் விடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவளோ, அம்மா சொன்னால் சரி என்று உங்களைக் கைகாட்டிவிட்டாள். இந்த நேரத்தில் இப்படியொரு கடிதம் எழுதுவது, என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதுதான். போட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

மகளுக்குத் துணையாகக் கிளம்பும்போது நீங்கள் எங்களிடம் விட்டுப்போன மேனேஜர், எங்கள் சலவைக் கடைக்கு வந்த மறுநாளே கவுண்டருக்குப் பின்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. ஒரு வேலையும் செய்யாமல் வருகிறவர்களை முறைப்பதைப் பார்த்ததும், வங்கியில் வேலை பார்த்த நீங்கள் ஏன் அதற்கு அந்தப் பெயர் வைத்தீர்கள் என்று புரிந்துபோயிற்று.

சென்ற வாரம் அது சொறிய ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் பொழுதுக்கும் இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிற மனிதர், அவர் கண்ணுக்கு உலகமே சுருக்கம்தான். “இங்க பாரேன், முதுகுல முடி அங்கங்க திட்டுத்திட்டா தூக்கிட்டு நிக்குது” என்று கையால் நீவிப் பார்த்தார். நீவியும் படியவில்லை. “அதையும் இஸ்திரி போட்டுடுங்க” என்று நக்கலடித்துவிட்டு நான் என் வேலையைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், எது சரியில்லையோ அதைத் துவைத்துவிடுவது. மேனேஜர் படுக்கிற விரிப்பைப் புதிதாக வாங்கிய வாசனை லிக்விடில் ஊறப்போட்டுப் பிழிந்தேன். மறுபடியும் சொறிந்தது. அழுக்குப் போகவில்லை என்று இன்னும் ஒரு மூடி சேர்த்து ஊற்றினேன். விரிப்பு பூக்கடை மாதிரி மணந்தது. மேனேஜர் சொறிவதை மட்டும் நிறுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பார்க்கிறேன், கன்னம் இரண்டும் உப்பி முகம் உருண்டையாக இருக்கிறது. எனக்கு வந்த பெருமையை என்னவென்று சொல்ல. நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போது, “என் கையால சாப்பிட்டாத்தான் அதுக்கு உடம்புல ஒட்டும்” என்று ஒரு வார்த்தை சொன்னீர்கள். எனக்கு அது சுருக்கென்று தைத்திருந்தது. உடனே படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். நீங்களும் பெருந்தன்மையாக, “என் வீட்டுல கூட இப்படிக் கொழுகொழுன்னு இருந்ததில்ல, நீங்க நல்லாக் கவனிக்கிறீங்க” என்று பதில் போட்டீர்கள். அதை என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டி, போதாதென்று இன்னொரு முறையும் வாசித்தேன். சம்பந்தி அம்மா, அது சாப்பிட்டு வந்த கன்னம் இல்லை. வீக்கம்.

கொஞ்ச நேரத்தில் கண்களும் வீங்கி மூடிக்கொண்டன. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. எழுந்து நிற்கப் பார்த்துக் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கைக்குக் கிடைத்த போர்வையில் அதைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

நாய் டாக்டர் சின்னப் பெண், பேச்சு மட்டும் கறார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், வெளுத்திருந்தது. முதலில் ஊசி, பிறகுதான் கேள்வி. புது சாப்பாடு, புது மாத்திரை, குளவி, தேனீ, எதையாவது புதிதாக மாற்றினீர்களா என்று கேட்டார். சத்தியமாக ஒன்றும் இல்லை என்று அடித்துச் சொன்னேன். அவர் குனிந்து போர்வையை முகர்ந்தார். “ஆன்ட்டி, முதல்ல இதை வெளிய போடுங்க” என்றார். அதுவும் அதே லிக்விடில் நான் துவைத்ததுதான். பிறகு மேனேஜரைப் புரட்டி, முடி குறைவாக இருக்கிற வயிற்றைக் காட்டினார். வட்டம் வட்டமாகத் தடித்துக் கிடந்தது. “முடி அடர்த்தியா இருக்கிற இடத்துல தடிப்பு கண்ணுக்குத் தெரியாது, முடி தூக்கிட்டு நிக்கிறதைத்தான் பார்க்கணும்” என்றார். அப்போது என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையைக் கடிதத்தில் எழுத முடியாது.

வெறும் தடிப்பும் சொறிச்சலும் என்றால் போனில் கேட்டுக்கொள்ளலாமாம். முகம் வீங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, மூச்சுத் திணறினாலோ, ஈறு வெளுத்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டுமாம். நமக்கு வைத்திருக்கிற மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற வேலையே கூடாதாம்.

சாயங்காலத்துக்குள் வீக்கம் வடிந்து, பழைய ஒட்டிய மூஞ்சி திரும்பி வந்துவிட்டது. அதைப் பார்த்து நான் இப்படிச் சந்தோஷப்படுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. வீட்டுக்கு வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அது கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நாற்காலிக்குப் போய்விட்டது. இப்போது விரிப்பை வாசனையில்லாத சோப்பில் துவைத்து, நிறையத் தண்ணீரில் அலசுகிறேன்.

ஒரு அவசரமான விஷயம். பேத்திக்கு நான் துவைத்து அனுப்பிய சட்டைகளை அப்படியே போட்டுவிடாதீர்கள். அவற்றிலும் அந்த லிக்விட்தான். ஏற்கெனவே போட்டிருந்தால் குழந்தையின் உடம்பை ஒருமுறை நன்றாகப் பாருங்கள்.

இனி முடிவு உங்களுடையது. குழந்தையை என்னிடம் விட மாட்டேன் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், அது வேறு. விடுவதாக இருந்தால் குழந்தையை மட்டும் அனுப்பாதீர்கள், நீங்களும் கூடவே வந்துவிடுங்கள். எங்கள் மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. அந்தப் பெரிய வீட்டில் நீங்களும் ஒரு நாயுமாக எத்தனை நாள்தான் இருப்பீர்கள்? சம்பந்தி வீட்டில் போய்த் தங்குவதா என்று கூச்சப்படுவீர்கள், தெரியும். நாலு பேர் நாலு விதமாகப் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும்.

குழந்தை அழுதால் பசியா, வலியா என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு அந்தத் தைரியம் இல்லை. “இருங்க, இன்னொரு தடவை பார்ப்போம்” என்று பக்கத்தில் நின்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். உங்களைத் தவிர வேறு யாரிடமும் இதை நான் கேட்க மாட்டேன். வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பேத்திக்கு என் முத்தங்களுடன்,
உங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
சம்பந்தி