சனிக்கிழமைக் கல்யாணம்

ஞாயிறு இரவு.

எம்.பி.ஏ. நுழைவுக்கான வகுப்பு வெள்ளவத்தையில். இன்று மாதிரி நுழைவுப் பரீட்சை வைத்து அங்கேயே திருத்தித் தந்தார்கள். பாதியில் நிமிர்ந்தால், முன்வரிசையில் எங்கள் வங்கிக் கிளை மனேஜர் பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கிறார்.

முடிந்ததும் பஸ் ஹோல்ட்டில் அவரே கிட்ட வந்தார்.

"நீங்களும் எழுதுறீங்களோ, சுகந்தி?"

"ஓம் சேர்."

"எவ்வளவு வந்தது?"

சொன்னேன். தன்னுடையதைச் சொல்லாமல் மழையைப் பற்றிக் கதைத்தார்.

உண்மையான பரீட்சை வருகிற சனிக்கிழமை. அன்றும் கிளை திறக்கும். நான் உதவி மனேஜர்; எங்கள் இருவரில் ஒருவர் லீவென்றால் மற்றவர் நின்றே ஆக வேண்டும். மட்டக்குளியில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் என்று பொய் சொல்லி நான் முந்திவிட்டேன். போன கிழமை அவரும் லீவுக்குத் தலையாட்டியிருந்தார்.

நான் பஸ்ஸில் ஏறும்போது கேட்டார்.

"அந்தக் கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்க ஏலாதோ?"

கேட்காததுபோல் உள்ளே போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தேன். ஒரு கணக்கும் ஓடவில்லை. கண் எரிகிறது. லீவு தருவதும் மறுப்பதும் அவர் கையில். ஆனாலும் நாளைக்குத் திரும்பக் கேட்டால் சொல்லிவிடுவேன்: ஏலாது சேர், கல்யாண ஹோலுக்குச் சல்லி கட்டியாச்சு.