திரைமகளின் பாய்மரப் பீடமும் முப்பத்தொரு பட்டும்

திருவும் திறலும் பெருகுக. வெண்டலை நாட்டுக் கோமகன் நன்மாறவரையர் ஆணைப்படி, அவர்தம் முதலமைச்சரும், எழுபத்தாறு ஆண்டு மூப்பும் இரண்டே பல்லும் உடையவருமான மருதங்கிழார், திரைமகள் என்னும் மரக்கலத்தின் அடிவயிற்றில் அமர்ந்து எழுதுவித்த ஓலை. நுரைமுகத் துறைநாயகம், அலையடக்கி என்னும் பட்டம் பெற்ற ஆதன் வெண்காடர், தம் மாமனார் இல்லத்தில் விருந்துண்ணும் இடத்திலேயே காண்க. உம் துறையில் மீன் மலிக. உம் கிணறு இனிக்க. உம் வீட்டார் நலமே வாழ்க. வாழ்த்து இவ்வளவே. இனி வருவதற்கும் வாழ்த்துக்கும் தொடர்பில்லை.

இன்றைக்கு ஒன்பதாம் நாள், முழுமதியன்று, திரைமகள் எண்பத்துநான்கு பேரை ஏற்றிக்கொண்டு சங்கத்தீவுக் காவலுக்குப் புறப்பட வேண்டும். அதன் பாய்மரத்தின் கால் ஊன்றி நிற்கும் இரும்புப் பீடம் துருவேறிக் கெட்டது என்று தச்சன் நக்கன் கோடி முறையிட்டான். நீர் அவனைச் சிறையிலிட்டீர். காரணம் கேட்டு அமைச்சர் விடுத்த மூன்று ஓலைக்கும் 'பட்டு நன்று' என்றே விடை எழுதினீர். பட்டைப் பற்றி எவர் ஐயா கேட்டார்?

ஆகவே அமைச்சர் தாமே வந்தார். மேல்தளத்தில் நின்று பார்த்தபோதே பாய்மரம் இரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. அதை இழுத்துப் பிடிக்க வேண்டிய வடங்கள் வேட்டி உலர்த்தும் கொடிபோல் தொய்ந்து கிடந்தன. ஏணி வழியே அடித்தளம் இறங்கினார். ஆண்டுதோறும் கலத்திருவிழாவில் பாய்மரக் காலை அம்மனாகவே எண்ணிக் கடல்நீராட்டிப் பட்டுச் சாத்துவது இந்நாட்டு மரபு. நீரோ, பழைய பட்டைக் களையாமல் அதன் மேலேயே புதியதைச் சுற்றி, முப்பத்தோர் ஆண்டு ஈரத்தை மூட்டையாகக் கட்டி வைத்திருந்தீர். பீடத்தைச் சோதிக்க நக்கன் பட்டை அறுத்திருந்த இடத்தில் அமைச்சர் விலக்கிப் பார்த்தார். பன்னிரண்டாம் பட்டுக்குள் ஒரு நண்டுக் குடும்பம் நான்கு தலைமுறையாகக் குடியிருந்தது. அமைச்சரைப் பெண் பார்க்க வந்தவர் என்றெண்ணி மூத்தது முன்னே வந்து நின்றது. இதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

பீடத்தின் மேல் தம் எழுத்தாணியை ஊன்றினார். மூன்று அரசர்க்கு ஓலை எழுதிய அவ்வாணி, தயிரில் இறங்குவதுபோல் பிடிவரை இறங்கிற்று. விரலால் தொட, இரும்பு வெற்றிலை அடுக்குப்போல் ஏடேடாக உரிந்தது. அதைத் தாங்கும் அடிமரமும் ஒரு சாண் அகலத்துக்குக் கறுத்து இளகியிருந்தது. முதற் பெருங்காற்றிலேயே பாய்மரத்தின் கால் கலத்தின் அடியைத் துளைத்துக்கொண்டு கடலைப் பார்க்கும். அமைச்சர் முதுமை மறந்து உம்மை வைத வசவுகளை, இவ்வோலை எழுதும் ஓலைநாயகம் எழுத மறுத்துவிட்டார்.

அம்மன் ஆடையைக் களைந்தான் என்பது நக்கன்மேல் நீர் சாற்றிய குற்றம். கலத்துப் பூசகர் சாத்தங்கண்ணனாரை அழைத்துக் கேட்டபோது, "பட்டு சாத்தத்தானே சொன்னேன், மூட்டையா கட்டச் சொன்னேன்? பழசைக் களைஞ்சு, துடைச்சு, எண்ணெய் பூசிட்டுச் சாத்தணும்னு வருஷா வருஷம் கத்துறேன். துறைநாயகத்துக்குக் குனிய முடியலைன்னா அதுக்கு அம்மன் என்ன பண்ணுவா?" என்றார்.

சிறைக் கம்பிக்கு அப்பால் நின்ற நக்கன், "ஐயா, நான் அறுத்தது துணி. அவரு அறுக்கப்போறது எண்பத்துநாலு தாலி" என்றான்.

செய்ய வேண்டியதையும் அவனே சொன்னான். மூன்று மரங்களை முக்காலிபோல் கட்டிப் பாய்மரத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும்; பழைய பீடத்தைப் பெயர்த்து, இளகிய மரத்தை நல்ல மரம் தட்டுப்படும் வரை செதுக்கி எடுத்து ஒட்டுமரம் பொருத்த வேண்டும்; இரும்பை விட்டு, கருமருது மரத்தில் புதுப் பீடம் கடைந்து, செம்பாணி அறைந்து, நீர் தங்காது வடிய இருபுறமும் துளையிட வேண்டும். ஏழு நாள் வேலை. இதை அறிந்த கை இத்துறையில் அவனுடையது ஒன்றே. அவனைப் பூட்டிய திறவுகோலோ விருந்துக்குப் போன உம் இடுப்பில்.

ஆதலால் ஆணை: இவ்வோலை கண்ட கணமே, வாயிலிட்ட கவளத்தை விழுங்கியோ துப்பியோ, உம் விருப்பம், எழுந்து வருக. பொழுது சாய்வதற்குள் உம் கையாலேயே சிறை திறந்து நக்கனை விடுக. மறுப்பீராயின், பட்டு நன்று என்னும் உம் சொல்லை அரசர் முழுதும் நம்புவார். நாளைக் காலை திரைமகள் பழைய பீடத்தோடே கடலேறும். எண்பத்துநால்வரும் கரையில் நிற்பர். நீர் ஒருவரே ஏறுவீர். இரு படகுகள் கலத்தை இழுத்துச் சென்று உம்மைக் கழிமுகம் கடத்திவிட்டுத் திரும்பும். குளிருக்குப் போர்த்திக்கொள்ள முப்பத்தொரு பட்டும் உடன் வைக்கப்படும்.

கோமகன் முத்திரை இட்டது. ஓலை கொணர்ந்தவன் உம்மோடே திரும்புவான்; அவன் தனியே வந்தால் படகுகள் ஆயத்தம்.